அடைக்கலமும் வாசஸ்தலமும்: வட திருநெல்வேலியில் வீடு துறந்தோர்

இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தை நோக்கி அமைந்த ஊர் மம்சாபுரம். இன்று அது விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. ஆனால் 1910ஆம் ஆண்டு இராமநாதபுரம் மாவட்டம் உருவாக்கப்படும்வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே பழைய மிஷன் ஏடுகளில் இவ்வட்டாரத்தின் கிறிஸ்தவ வரலாற்றைத் தேடுவோர் 'வட திருநெல்வேலி' என்னும் பெயரின்கீழ்த் தேட வேண்டும். கிழக்கே சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசற் காடுகள். மேற்கே மலையடிவாரத்துக் கண்மாய்களும் தோப்புகளும் நெல்வயல்களும். இவற்றுக்கிடையில் உள்ள ஊர்ப்பாதைகளில் 1854ஆம் ஆண்டு முதல் ஒரு கூடாரம் இடம்விட்டு இடம் பெயர்ந்துகொண்டிருந்தது. அக்கூடாரத்தில் வாழ்ந்தவர்களுக்கும், அங்கிருந்து கேட்ட வார்த்தையினால் தம் வீட்டையே இழக்க நேர்ந்தவர்களுக்கும், 'கடவுளே நம் வீடு' என்னும் சொல் என்ன பொருள் தந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வரலாற்றிற்குள் புகுமுன் ஒரு சொல்லைக் கவனிப்பது நன்று. தொண்ணூறாம் சங்கீதத்தின் முதல் வசனத்தில் கடவுளைக் குறிக்க எபிரேயத்தில் வரும் சொல் 'மாவோன்' என்பது. வாசஸ்தலம், குடியிருக்கும் இடம் என்பதே அதன் நேர்ப்பொருள். நம் தமிழ்த் திருமறையில் அவ்விடத்தில் நாம் வாசிப்பது 'அடைக்கலம்' என்னும் சொல். உபாகமம் 33:27இலும், அதே வேரிலிருந்து பிறந்த சொல் வருமிடத்தில், 'அடைக்கலம்' என்றே உள்ளது. தொண்ணூற்றோராம் சங்கீதத்தின் ஒன்பதாம் வசனத்தில் மாத்திரம் 'மாவோன்' என்பது 'தாபரம்' ஆகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் பிழை என்று அவசரப்பட்டுக் கூறுவதற்கில்லை; எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பும் தொண்ணூறாம் சங்கீதத்தில் புகலிடம் என்னும் பொருளையே தருகிறது. எனினும் இரு சொற்களுக்கும் இடையே வேறுபாடு உண்டு. அடைக்கலம் என்பது ஆபத்துக் காலத்தில் ஓடி ஒதுங்கும் இடம். ஆபத்து நீங்கினால் அங்கிருந்து வெளியேறலாம். வாசஸ்தலம் என்பது உண்டு உறங்கி, பிள்ளை பெற்று, நோயுற்று, இறுதியில் கண்மூடும் இடம். தமிழ் இறைமக்கள் தலைமுறை தலைமுறையாகக் கடவுளை அடைக்கலமாகவே அறிந்து வந்தனர். திருநெல்வேலித் திருச்சபையின் முதல் நூற்றாண்டு வரலாற்றை நோக்குங்கால், அது தற்செயலன்று என்று எண்ணத் தோன்றுகிறது.

அவ்வரலாற்றின் தொடக்கத்திலேயே வீடிழந்த ஒருவர் நிற்கிறார். பாளையங்கோட்டையில் 1778ஆம் ஆண்டு சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற குளோரிந்தா அம்மையார் பிராமண குலத்தில் பிறந்த விதவை. தம் இனத்தாரிடம் திரும்பிப் போக வழியில்லாதவர். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலில் இருந்தவர்கள் 40 பேர். அவர் முயற்சியால் எழுந்த ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. உறவினர் வீடு அடைக்கப்பட்ட ஒரு பெண் அவ்வூரில் முதலாவது கட்டியது கடவுளின் வீடு என்பதை நாம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அவ்வீட்டில் தம்மைப் போன்ற பிறரையும் கூட்டிச் சேர்த்தார் என்பதை அவ்வளவாகக் கேட்பதில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பின், இதே தேவை ஒரு தனிப்பெண்ணுக்கன்றி, கூட்டம் கூட்டமான மக்களுக்கு எழுந்தது. சாத்தான்குளம் பக்கத்தில் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் ஊழியத்தால் கிறிஸ்தவர்களானோர், தங்கள் சொந்த ஊர்களில் தங்கள் ஜெபவீடு நிற்கவும் தாங்கள் நிம்மதியாய் வாழவும் இயலாமற் போயினர். அவர்களுக்கென நிலம் வாங்கப்பட்டு 1799ஆம் ஆண்டில் ஒரு புதிய ஊர் எழுந்தது. அதற்கு இட்ட பெயர் முதலூர். முதலாவது ஊர் என்பதற்கு மேல் அப்பெயரில் அலங்காரம் ஏதுமில்லை. ஆயினும் இனியும் ஊர்கள் எழும் என்னும் எதிர்பார்ப்பு அதில் அடங்கியிருந்தது. (அதே 1799ஆம் ஆண்டில்தான் இலண்டனில் சர்ச் மிஷனெரி சங்கமும் தோன்றிற்று; இரண்டும் ஒன்றையொன்று அறியா.) பின்வந்த ரேனியஸ் ஐயர் காலத்தில் அவ்வெதிர்பார்ப்பு நிறைவேறியது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த அவர், 1830இல் தர்ம சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். குடியிருக்கும் இடத்திலிருந்து விரட்டப்படும் விசுவாசிகளுக்கு நிலமும் வீடும் தேடிக் கொடுப்பதே அதன் வேலை. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், டோனாவூர் என இன்றும் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் வரைபடத்தில் காணும் பெயர்கள் பல, இவ்வாறு அடைக்கலம் தேடியோர் குடியேறிய ஊர்களின் பெயர்களே.

இறையியல் மாணவர் இதைச் சற்று நின்று நோக்க வேண்டும். 'தேவனே எனக்கு அடைக்கலம்' என்று பாடியவனுக்கு அக்காலத் திருச்சபை, பாடு, சகித்துக்கொள் என்று மட்டும் சொல்லவில்லை. பத்திரம் எழுதி, கிணறு வெட்டி, கூரை வேய்ந்து கொடுத்தது. மாற்கு 10:30இல் ஆண்டவர் வாக்களிக்கும் வீடுகளும் நிலங்களும் 'இம்மையில்' என்னும் சொல்லோடு சேர்ந்தே வருகின்றன. அவ்வசனத்தை அதன் எழுத்தின்படியே எடுத்துக்கொண்ட சபைகள் உலகில் மிகச் சில. தென் திருநெல்வேலிச் சபை அவற்றுள் ஒன்று.

ஆயினும் அக்குடியிருப்புகளைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுதல் நேர்மையாகாது. குடியிருப்பில் நிலத்துக்கு உரியவரும் வழக்குத் தீர்ப்பவரும் பள்ளிக்கூட மேலாளரும் குருவானவரும் பல சமயங்களில் ஒரே மிஷனெரியாக இருந்தார். தகப்பன் வீட்டைவிட்டு வந்தவனுக்கு வேறொரு தகப்பன் கிடைத்தார். மகன் வளர்ந்து ஆளாவது தாமதப்பட்டது. அதைவிடக் கடினமான மற்றொன்றும் உண்டு. முதலூரிலும் பின்வந்த ஊர்களிலும் குடியேறியவர்கள் பெரும்பாலும் ஒரே இனத்தவர்; ஒருவருக்கொருவர் உறவினர். ஆகவே அவர்கள் ஊரை விட்டனர். சாதியை விட்டனர் என்று சொல்வதற்கில்லை. கொள்வினை கொடுப்பினை பழைய வட்டத்திற்குள்ளேயே நடந்தது. உறவினர் அனைவரும் உடன்வந்தால் கடவுளை வீடாகக் கொள்வது எளிது. வேறு இனத்தான் ஒருவன் அதே கடவுளை வீடாகக் கொண்டு அதே வாசலில் வந்து நிற்கும்போதுதான் அது யாருடைய வீடு என்பது தெரியவரும். அச்சோதனையில் நம் சபைகள் தேறின என்று நாம் இன்றும் கூற இயலாது.

தாமஸ் கஜெட்டன் ராக்லாண்ட் வட திருநெல்வேலிக்கு வந்தபோது அவர் கண்முன் இருந்தது இந்தத் தென் திருநெல்வேலி. அவருடைய வாழ்க்கையில் வீடு என்பது தொடக்கமுதலே குறைவாயிருந்தது. 1815இல் பிறந்த அவர் கைக்குழந்தையாய் இருந்தபோதே தந்தையையும் தாயையும் இழந்தார். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் மாமன் வீட்டில் வளர்ந்து, அவருடைய வணிக அலுவலகத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். பின்னரே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்து, 1841இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்று, அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். அப்பதவிக்கு ஆயுட்கால வருமானம் உண்டு. அக்காலத்துச் சட்டப்படி திருமணம் செய்தால் அது போய்விடும். ராக்லாண்ட் மணம் செய்துகொள்ளவில்லை. சர்ச் மிஷனெரி சங்கத்தின் செயலராகச் சென்னைக்கு வந்து, 1846 முதல் அங்கே கணக்கு, கடிதம், கட்டடம் என்னும் பொறுப்புகளில் உழைத்தார். வணிக அலுவலகத்திலும் கணிதத்திலும் தேர்ந்தவருக்கு அவ்வேலை கைவந்ததாயினும், மனம் அதில் நிலைக்கவில்லை.

திருநெல்வேலியைச் சுற்றிப் பார்த்தபோது அவர் கண்டது இது: தெற்கே மிஷனெரிகள் தங்கள் குடியிருப்புகளையும் பள்ளிகளையும் சபைகளையும் பராமரிப்பதிலேயே முழுநேரத்தையும் செலவிட வேண்டியிருந்தது. வடக்கே, திருவில்லிபுத்தூர், சிவகாசி வட்டாரங்களில், நூற்றுக்கணக்கான கிராமங்களில் சுவிசேஷம் சொல்வார் இல்லை. வீடு கட்டியவர்கள் அவ்வீட்டைக் காக்கும் காவலராகிவிட்டனர் என்று அதைச் சுருக்கிச் சொல்லலாம். அவர் முன்வைத்த மாற்று எளியது. நிலையான இருப்பிடம் வேண்டாம், கூடாரம் போதும். கூடாரத்தை ஒரு தோப்பில் அடித்து, நடந்து போகக்கூடிய தொலைவிலுள்ள கிராமங்கள் அனைத்திற்கும் காலையும் மாலையும் சென்று, அவ்வட்டாரம் முடிந்ததும் அடுத்த இடத்திற்குப் பெயர்வது. சில மாதங்கள் கழித்து மீண்டும் அதே சுற்றை வருவது. டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்னும் இரு இளம் குருமார் அவரோடு சேர்ந்துகொண்டனர். இவர்களில் ஃபென், கோட்டயம் கல்லூரியில் பணியாற்றிய ஜோசப் ஃபென் ஐயரின் மகன். 1854இல் சுற்றுப்பயண ஊழியம் தொடங்கிற்று.

ராக்லாண்டின் நுரையீரல் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தது. அதன் பொருட்டே 1852இல் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர், முழுச் சுகம் பெறாமலே திரும்பி வந்திருந்தார். கூடாரத்துத் துணி கத்திரி வெயிலைத் தடுக்காது. ஐப்பசி கார்த்திகை மழையையும் முழுதாய்த் தடுக்காது. நான்கு ஆண்டுகளும் சில மாதங்களும் அவர் அவ்வாறு வாழ்ந்தார். 1858 அக்டோபர் 22ஆம் நாள் சிவகாசியில், நுரையீரலில் குருதிக்குழாய் வெடித்து, சில நிமிடங்களில் உயிர்நீத்தார். வயது 43. எண்ணிக்கையில் பெரிய அறுவடை எதையும் அவர் காணவில்லை. யோவான் 12:24இல் நிலத்தில் விழும் கோதுமை மணியைப் பற்றிய ஆண்டவரின் சொல்லையே அவர் தம் ஊழியத்தின் முறையாகக் கொண்டிருந்தார் என்பதை, அவர் கல்லூரி நண்பர் பெரோன் 1861இல் வெளியிட்ட வரலாற்றிலிருந்தும், ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1922இல் எழுதிய நூலிலிருந்தும் அறிகிறோம்.

இந்த இரு நூல்களையும் படிப்போர்க்கு ராக்லாண்டின் தனிமையே பெரிதாய்த் தோன்றும். தாயில்லை, தந்தையில்லை, மனைவியில்லை, மக்களில்லை, தாய்நாட்டிலிருந்து கடல் கடந்த தொலைவு, தலைக்குமேல் துணிக்கூரை. கடவுளைத் தவிர வீடில்லாதவர் என்று அவரைச் சொல்வது பொருந்தும். ஆனால் வரலாற்றை அத்துடன் நிறுத்தினால் பாதியை விட்டவர்களாவோம். அக்கூடாரத்தின் அருகே மற்றொரு கூடாரத்தில் தமிழர்கள் இருந்தனர்.

தென் திருநெல்வேலிச் சபைகள் தங்கள் உபதேசிமாரை, மாதத்திற்கு ஒரு குழுவாக முறைவைத்து, வடக்கே அனுப்பின. அவர்களுடைய செலவைப் பெரும்பாலும் அச்சபைகளே ஏற்றன. ஐரோப்பாவிலிருந்து பணம் வந்து ஐரோப்பியர் ஊழியம் செய்வதே மிஷன் என்றிருந்த காலத்தில், பனையேறிகளும் சிறு விவசாயிகளும் பிடியரிசி சேர்த்த சபைகள் தங்கள் ஊழியரை வேற்று வட்டாரத்திற்கு அனுப்பியது சிறிய காரியமன்று. நாசரேத்திலிருந்தோ மெய்ஞ்ஞானபுரத்திலிருந்தோ சிவகாசிக்கு இன்று பேருந்தில் சில மணி நேரம். அன்று அது கட்டைவண்டியிலும் கால்நடையிலும் பல நாள் வழி. தேரிக்காட்டில் பிறந்தவனுக்குக் கரிசல் மண் வேற்றுநிலம். பேச்சு தமிழேயாயினும், இன்னார் மகன், இன்ன ஊரான் என்று அடையாளம் சொல்வார் அங்கே ஒருவரும் இல்லை. தெருவுக்குள் நுழைந்தவுடன் எழும் முதற்கேள்வி அவர் சாதியைப் பற்றியதாகவே இருந்திருக்கும். வெள்ளைக்காரரிடம் அக்கேள்வியைக் கேட்பாரில்லை. ராக்லாண்டுக்கு அவருடைய அந்நியத் தன்மையே ஒரு பாதுகாப்பு. உபதேசியாருக்கு அதுவும் இல்லை.

ஒரு மாதந்தானே, திரும்பிவிடுவார்களே என்று சிலர் கருதலாம். கூலியும் பனையும் நம்பி வாழும் குடும்பத்தில் ஒரு மாதம் ஆண் துணையின்றி அடுப்பெரிப்பது எவ்வளவு கடினம் என்பதை அறிந்தோர் அவ்வாறு கருதார். ஊழியத்திற்குப் புறப்பட்டவருக்குக் கடவுள் துணையாய்ச் சென்றார் என்று நாம் எழுதுகிறோம். வாசற்படியில் நின்று வழியனுப்பியவளுக்கு அதே கடவுள் துணையாய் வீட்டிலேயே தங்கியிருந்தார் என்று எழுதவும் நாம் பழக வேண்டும்.

மூன்றாவது தொலைவு ஒன்று உண்டு; நான் அறிந்தமட்டில் அதுவே மிக நெடியது. அதற்குப் பயணமே தேவையில்லை. கூடாரத்தாரின் சொல்லைக் கேட்டு, கண்மாயிலோ கிணற்றடியிலோ ஞானஸ்நானம் பெற்ற ஒருவன் மாலையில் தன் வீட்டிற்குத் திரும்புகிறான். அங்கே திண்ணை வரைதான் அவனுக்கு இடம். அன்னந்தண்ணீர் புழக்கம் நின்றுவிடும். பெண் கொடுப்பார் இல்லை, எடுப்பார் இல்லை. தகப்பன் இறந்தால் கொள்ளி வைக்கும் உரிமை இல்லை; அவனே இறந்தால் தூக்கிச் செல்லத் தோள்கள் இல்லை. தெற்கே என்றால் அவனுக்கு ஒரு முதலூர் உண்டு. வடக்கே கூடாரம் மறுவாரம் வேறு தோப்பிற்குப் போய்விடும். பிறந்த தெருவிலேயே அவன் பரதேசி.

கூடார ஊழியத்தின் பலவீனம் இங்கேதான் இருந்தது என்பது என் கருத்து. வீடின்றி வாழ ராக்லாண்ட் தாமே தெரிந்துகொண்டார். அவருக்கு அது விடுதலை. தெரிந்துகொள்ளாமலே வீடிழந்தவனுக்கு அதே சொல்லை அவ்வாறே சொல்லலாகாது. ஆபிரகாம் கூடாரங்களில் குடியிருந்ததை எபிரெயர் நிருபத்தின் பதினோராம் அதிகாரம் போற்றுகிறது. ஆனால் ஆபிரகாமுக்குக் கூடாரமாவது இருந்தது. உள்ளே சாராளும் இருந்தாள். ஆகாரும் அவள் பிள்ளையும் வனாந்தரத்தில் நின்ற வீடின்மை வேறு வகையானது. துறவியின் வீடின்மையை அனாதையின் வீடின்மைக்கு மருந்தாகப் பிரசங்கிப்பது நம் பிரசங்க பீடங்களில் இன்றும் நிகழ்கிறது.

ராக்லாண்டின் தோழர்களே இதை உணர்ந்தனர் என்பதற்குச் சான்று, சிவகாசியை அடுத்து எழுந்த சாட்சியாபுரம். மெடோஸ் ஐயர் பல ஆண்டுகள் உழைத்த அந்த இடத்தில் பள்ளிகளும் ஆலயமும் குடியிருப்பும் தோன்றின. கூடாரம் மீண்டும் ஒரு 'புரம்' ஆயிற்று. ஆயினும் பெயரைக் கவனியுங்கள். முதலூர் என்றோ அடைக்கலபுரம் என்றோ அதற்குப் பெயரிடவில்லை. சாட்சி என்பது மதிலுக்குள் முடிந்துவிடுவதன்று. சுற்றியுள்ள ஊர்கள் பார்க்க நிற்பது. வட திருநெல்வேலியின் கிறிஸ்தவர்களில் மிகப் பலர் தனிக் குடியிருப்புகளுக்குப் பெயராமல் தங்கள் பழைய ஊர்களிலேயே சிறு சபைகளாக வாழ்ந்து வந்தனர். தென்பகுதி ஊர்களின் பெருமிதம் அவர்களுக்கு இல்லை. அடுத்த வீட்டாரோடு ஒரே கண்மாய்த் தண்ணீருக்குப் பாத்தியதை பேசி, ஒரே சந்தையில் வாங்கி விற்று, ஞாயிறன்று வேறு திசையில் நடக்கும் வாழ்க்கை அவர்களுடையது.

இவ்விடத்தில் திருவில்லிபுத்தூரின் சொந்த மரபு ஒன்றையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. இவ்வட்டாரத்தில் எங்கிருந்து நோக்கினாலும் கண்ணில் படும் கோபுரம் ஆண்டாளுடையது. துளசித் தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டு, பெரியாழ்வாரின் மகளாக வளர்ந்த அப்பெண், மானிடர் எவர் வீட்டிலும் வாழ மறுத்து, இறைவனிடமே தன் இல்லம் என்று திருவரங்கம் போனாள் என்பது அம்மரபு. ஆகவே 'தகப்பன் வீட்டை விட்டு இறைவனிடம் போ' என்னும் அழைப்பு இவ்வூராருக்குக் கேளாத புதுமையன்று. வேறுபாடு எங்கே எனில், ஆண்டாளை அவள் தகப்பனாரே ஊரறிய அழைத்துச் சென்றார். ஊர் இன்றளவும் அவளைத் தன் மகளாகவே கொண்டாடுகிறது. அவள் போனதால் உறவு அறவில்லை. நம் சுவிசேஷகர்கள் இதைச் சிந்தித்திருந்தால், வீட்டாரைப் பகைத்து வா என்று சொல்வதற்கு முன், வீட்டாரும் வழியனுப்பும் வகையில் அழைப்பது எங்ஙனம் என்று கேட்டிருக்கக்கூடும்.

'சபைவட்டம்' என நாம் வழங்குவதற்கு ஆங்கிலத்திலுள்ள 'பாரிஷ்' என்னும் சொல் 'பரொய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. சொந்தமில்லாத ஊரில் தங்கியிருத்தல் என்பதே அதன் பொருள். முதலாம் பேதுரு நிருபம் எழுதப்பட்டவர்களும் 'பரொய்க்கோய்'. அது பரலோகத்தை நோக்கிய பயணிகள் என்னும் உருவகம் மட்டுமன்று; குடியுரிமையும் நிலமும் அற்ற அயலார் என்னும் உண்மையான சமூக நிலை என்று ஜான் எலியட் 1981இல் வெளியிட்ட ஆய்வில் வாதிட்டார். அத்தகையோர்க்கு நிருபம் அளிக்கும் விடை 'ஒய்க்கோஸ்', அதாவது வீடு: உயிருள்ள கற்களாகிய மனிதராலேயே கட்டப்படும் வீடு (1 பேதுரு 2:5). எலியட்டின் முடிவுகள் எல்லாவற்றையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் வட திருநெல்வேலியின் திண்ணையில் நிறுத்தப்பட்டவனை மனத்தில் வைத்து அந்நிருபத்தை வாசிப்போர்க்கு அவர் சொல்வது புதிதாய்த் தோன்றாது. யோவான் நற்செய்தியிலும் இதையொத்த ஒன்று உண்டு. பதினான்காம் அதிகாரம் இரண்டாம் வசனத்தில் பிதாவின் வீட்டிலுள்ள வாசஸ்தலங்களைக் குறிக்கும் 'மொனே' என்னும் சொல், புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. அது அதே அதிகாரத்தின் இருபத்துமூன்றாம் வசனம். அங்கே பிதாவும் குமாரனும் அன்புகூருகிறவனிடத்தில் வந்து வாசம்பண்ணுகிறார்கள். நாம் போய்ச் சேரும் வீடும் நம்மிடம் வந்து தங்கும் வீடும் ஒரே சொல்.

உபதேசிமாரை முறைவைத்து அனுப்பிய அந்தப் பழக்கம் வீண்போகவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின், 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியபோது, அது இல்லாத மரபை உண்டாக்கவில்லை. இருந்த மரபை மொழி எல்லைக்கு அப்பால் கொண்டு சென்றது. அதை நிறுவியோருள் முதல்வரான வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். 1909இல் அவரே தம் பதவியை விட்டு, நிஜாம் ஆட்சிக்குட்பட்டிருந்த தோர்ணக்கல்லுக்குக் குடிபெயர்ந்து, தெலுங்கு கற்று, 1912இல் அங்கே அத்தியட்சரானார். இந்தியர் ஒருவர் ஆங்கிலிக்கன் சபையில் அத்தியட்சரானது அதுவே முதல் முறை. 1910இல் எடின்பரோ மாநாட்டில் அவர் ஆற்றிய உரை உலகறிந்தது. மேலை நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. அவர்கள் தந்தவற்றோடு நட்பையும் தர வேண்டும் என்று கேட்டார். ஒரே பணியில் ஆண்டுக்கணக்கில் உழைத்தும் மிஷனெரியின் வீட்டில் உடனிருந்து உண்ணாத இந்திய ஊழியரின் நிலை அவ்வேண்டுகோளின் பின்னணியில் இருந்தது. பிதாவின் வீட்டில் அனேக வாசஸ்தலங்கள் உண்டு என்று போதித்தவரின் பங்களா வாசலில், உபதேசியார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற காலம் அது. தோர்ணக்கல்லில் அசரியா எழுப்பிய பேராலயம் கோபுரமும் தூணும் தாமரையுமாக இந்நாட்டுக் கட்டடக்கலையில் அமைந்தது. அந்நிய மொழி நாட்டில் வாழ்ந்த தமிழர், அந்நாட்டு மக்கள் தங்கள் வீடு என்று உணரத்தக்க ஒரு வீட்டைக் கட்டினார்.

இனி டோனாவூர். 1827இல் ரேனியஸ் ஐயர், பிரஷ்ய நாட்டுத் தோனா பிரபுவின் நன்கொடையால் அமைத்து, அவர் பெயரையே இட்ட குடியிருப்பு அது. 1901இல், வட அயர்லாந்திலிருந்து வந்த ஏமி கார்மைக்கேலிடம், கோயிலுக்கு விடப்படவிருந்த ஒரு சிறுமி வந்து சேர்ந்தாள். அவளைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான பிள்ளைகள். 1895இல் இந்தியாவுக்கு வந்த அவர் 1951இல் இறக்கும்வரை ஒருமுறையேனும் தம் தாய்நாட்டிற்குத் திரும்பவில்லை. குடும்பத்தைவிட்டு வந்த அவரை அப்பிள்ளைகள் அழைத்தது அம்மா என்று. மாற்கு பத்தாம் அதிகாரத்தின் நூறத்தனைக்கு இதைவிட எழுத்தின்படியான எடுத்துக்காட்டு நம் நாட்டில் அரிது. அங்கே பெருகக் கிடைப்பவற்றின் பட்டியலில் தாய்மாரும் பிள்ளைகளும் உண்டு, தகப்பன்மார் இல்லை என்பதை விளக்கவுரைகாரர் சுட்டிக்காட்டுவர். அவ்விடம் பரம பிதாவுக்கென விடப்பட்டது என்பர் சிலர். அதிகாரம் செலுத்தும் தகப்பன்மார் இறையாட்சியில் வேண்டாம் என்பர் வேறு சிலர். தென் திருநெல்வேலிக் குடியிருப்புகளின் வரலாற்றை எண்ணும்போது இரண்டாவது விளக்கத்தை எளிதில் தள்ளிவிட மனம் வரவில்லை.

அதே டோனாவூரில், வட இந்தியாவில் ஊழியம் செய்யும் தமிழ் மிஷனெரிகளின் பிள்ளைகளுக்கென ஏற்பட்ட சந்தோஷ வித்யாலயா என்னும் உறைவிடப் பள்ளியும் இருக்கிறது. 1959இல் தொடங்கிய நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு போன்ற இயக்கங்களால் அனுப்பப்பட்ட பெற்றோர் குஜராத்திலோ பீகாரிலோ ஆதிவாசிகள் நடுவே இருக்கின்றனர். பிள்ளைகள் பொதிகை மலையடிவாரத்தில் விடுதியில் வளர்கின்றனர். ராக்லாண்டின் கூடாரத்தருகே தொடங்கிய கேள்வி இங்கே புதிய வடிவில் எழுகிறது. வீட்டை விட்டவர்கள் பெற்றோர். அழைப்பைக் கேட்டவர்களும் அவர்களே. பிள்ளைகள் எதையும் விடவில்லை, அவர்கள் விடப்பட்டனர். ஆண்டவருடைய நிமித்தமாகப் பிள்ளைகளை விட்டவனைப் பற்றி மாற்கு 10:29 பேசுகிறது. விடப்பட்ட பிள்ளையின் பக்கத்திலிருந்து அவ்வசனத்தை விளக்கிய பிரசங்கம் ஒன்றையும் இதுவரை நான் கேட்டதில்லை.

அப்பிள்ளைகளில் சிலர் இன்று நம் இறையியல் கல்லூரிகளில் மாணவராயிருக்கின்றனர், சிலர் குருமாராகிவிட்டனர். சொந்த ஊர் எது என்று கேட்டால் சற்றுத் தயங்கியே விடை சொல்வார்கள். தகப்பனாரின் ஊர் ஒன்று, பிறந்த ஊர் ஒன்று, வளர்ந்த ஊர் ஒன்று. தொண்ணூறாம் சங்கீதம் மோசேயின் ஜெபம் என்று தலைப்பிடப்பட்டுள்ளது. தாய்வீட்டில் வளராமல் அரண்மனையில் வளர்ந்து, மீதியானில் அயலானாய் வாழ்ந்து, அங்கே பிறந்த மகனுக்குக் கெர்சோம் என்று பெயரிட்டு, ஆயுளின் இறுதிவரை கூடாரத்திலிருந்த ஒருவருடைய வாயில்தான் மரபு 'மாவோன்' என்னும் அச்சொல்லை வைத்திருக்கிறது.